கண்ணை மூடும் இடம்

நாணயம் உள்ளங்கையில் இருந்தது. மேஜிக்காரர் கண்களை மூடினார்.

இந்த இடத்தில் ஒரு மூச்சு நேரம் கண்ணை மூடச் சொன்னவள் அவருடைய மனைவி. சொல்லி மூன்று நாள்தான் ஆகிறது.

"முறைச்சதெல்லாம் போதுங்க. காசு மறையற நேரத்துல கண்ணை மூடி, மனசுக்குள்ள எதையாவது வேண்டிக்குங்க. பார்க்க நல்லா இருக்கும்."

ஒன்பது வருடமாக அவர் பாணியே வேறு. கணுக்கால் வரை தொங்கும் கறுப்பு மேலங்கி, இடிக்குரல், மை தீட்டிய கண்கள். அந்தக் கண்களாலேயே கூட்டத்தைக் கட்டிப்போட்டு விடுவதாக அவருக்கு நம்பிக்கை. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று ஒரு மணி நேரம் பழகுவார். காசு போன இடம் தெரியாமல் போவதைப் பார்த்து அவருக்கே மெய்சிலிர்க்கும்.

ஆனாலும் ஒரு முறை கூப்பிட்டவர்கள் மறுமுறை கூப்பிட்டதில்லை.

இன்று இந்த ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் தேர்வு. ஞாயிற்றுக்கிழமைதோறும் நிகழ்ச்சி நடத்த ஆள் தேடுகிறார்கள். இதுவும் கை நழுவினால் நாளையே மனைவியின் அண்ணன் நடத்தும் டயர் கடையில் வந்து உட்காருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"நம்ம கடையில எதையும் மறைய வைக்க வேண்டாம் மாப்ளே, உருட்டினாப் போதும்" என்று மச்சான் வேறு சிரித்திருந்தார்.

அதனால்தான் மனைவி சொன்னதைத் தட்டவில்லை. மேலங்கியை மடித்துப் பெட்டியில் வைத்தார். முகத்தில் மை இல்லை. ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டை, அவ்வளவுதான். குரல்கூட அவருடைய சொந்தக் குரல். அதைக் கூட்டத்தின் முன்னால் கேட்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

மூடிய கண்களுக்குள் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. எனக்கு இந்த வேலை கிடைக்கட்டும் என்று கேட்க வெட்கம். முன் மேசையில் ஒரு பெரியவர் வெகு நேரமாக இருமிக்கொண்டிருந்தார்.

ஆண்டவனே, இவர் இருமல் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது கூடம் அடங்கியிருந்தது. முன் வரிசையில் பலர் தலை குனிந்திருந்தார்கள். பரிமாறுகிறவர்கூடத் தட்டோடு அப்படியே நின்றிருந்தார். ஒருவர் வேண்டிக்கொள்ளும்போது உற்றுப் பார்க்கக் கூடாது என்பது யாரும் சொல்லித்தராமலே மனிதர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் கையை விரித்தார். காசு இல்லை.

பெரியவரின் தண்ணீர் டம்ளருக்கு அடியிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். அப்படியே டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். பெரியவர் குடித்தார். இருமல் நின்றது. அதற்குப் பிறகுதான் கைதட்டல் எழுந்தது, எழுந்தது அடங்கவில்லை.

"கண்ணை மூடுறீங்களே, அந்த இடத்தை மட்டும் மாத்திடாதீங்க" என்றார் ஓட்டல் மேலாளர். "அடுத்த ஞாயித்துக்கிழமையிலேர்ந்து வந்துடுங்க."

திரும்பும்போது பேருந்தில் அவருக்கு, தோளிலிருந்து ஒரு லாரி டயரை இறக்கி வைத்தது போல இருந்தது. கூடவே வந்திருந்த மனைவி கைபேசியில் எடுத்த வீடியோ படத்தை வாங்கிப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக்காரர் நன்றாகத்தான் இருந்தார். அவர் கண்ணை மூடும் இடம் வந்ததும் படம் சாய்ந்து மேலே போய் மின்விசிறியைக் காட்டியது.

"ஏம்மா, முக்கியமான இடத்துல போய் ஃபேனைப் படம் பிடிச்சிருக்கியே!"

"நானும் கண்ணை மூடி வேண்டிக்கிட்டேன். கை எங்க போச்சுன்னு நான் கண்டேனா?"

சிரித்துக்கொண்டே திரையில் விரலை இழுத்தார். வேறொரு படம் ஓட ஆரம்பித்தது. போன வருடம் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் அவர் நடத்திய நிகழ்ச்சி. இதில் அவள் கை ஆடவே இல்லை.

மேலங்கிக்காரர் முறைத்தார். இடிபோல் முழங்கினார். காசு உள்ளங்கையை விட்டுக் கிளம்பிய அந்த நொடியில், மை தீட்டிய இரண்டு கண்களும் இறுக மூடிக்கொண்டன. எல்லோரும் பார்க்க, காசு மின்னிக்கொண்டே சட்டைக் கைக்குள் போனது. முன் வரிசையில் இரண்டு ஆசிரியைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பாவம் என்று கை தட்டினார்கள்.

அவர் மறுபடி ஓட்டிப் பார்த்தார். அதற்கு முந்தைய படத்தையும் பார்த்தார். அதற்கும் முந்தையதை.

எல்லாவற்றிலும் அதே இடத்தில் கண் மூடியது.

கண்ணாடி முன்னாலும் மூடியிருக்கும். அதனால்தான் கண்ணாடி அவருக்குச் சொல்லவில்லை. ஒன்பது வருடமாகக் காசு போகும் வழியைப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான்.

அவள் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் முன் வரிசையில் இருந்தாள். முதல் கைதட்டல் எப்போதும் அவளுடையது. உண்மையைச் சொல்லி நோகடிக்காமல், கூட்டத்தின் பார்வையைத் தாழ்த்த ஒரு வழி தேடித்தான் இத்தனை காலம் ஆகியிருக்க வேண்டும்.

அவர் மெல்லத் திரும்பினார்.

அவர் கையிலிருந்த கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்த அவள், சட்டென்று ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

அவர் உற்றுப் பார்க்கவில்லை. தலை குனிந்துகொண்டார்.