நேரலையில் ஒரு தையல்கடை

சளீரென்று கண்ணாடி நொறுங்கியது.

வங்கியின் ஆண்டு விழாவைப் படம்பிடித்து முடித்து, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நிருபரும் கேமராமேனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அடுத்த நொடி இருவரும் ஓடினார்கள்.

சத்தம் வந்தது வங்கிக் கட்டடத்துக்கு எதிரே, திடலின் ஓரத்திலிருந்து.

அந்தத் திடலில் மூன்று வாரமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதே கட்டடத்தில் தரை துடைப்பவர்கள், காவல் நிற்பவர்கள், சுமை தூக்குபவர்கள். மேல்மாடிக்காரர்களின் சம்பளம் வருடாவருடம் ஏறுகிறதே, எங்கள் கூலியில் வீட்டு வாடகைகூடக் கட்ட முடியவில்லையே என்பதுதான் அவர்கள் கேட்டது. மறுநாள் விடியும் முன் அவர்களை அப்புறப்படுத்தச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது.

ஒரு சேனலும் எட்டிப் பார்க்கவில்லை. காலையிலிருந்து இந்தச் சேனலின் வண்டி கூப்பிடு தூரத்தில்தான் நின்றது. ஆனாலும் கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"உட்கார்ந்திருக்கிறவனை எவ்வளவு நேரம்யா காட்டுறது?" என்பார் செய்தி ஆசிரியர்.

இப்போது உடைந்திருந்தது ஒரு தையல்கடையின் முகப்புக் கண்ணாடி.

கடைக்காரி கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் நின்றாள். சட்டை மாட்டிய பொம்மை குப்புற விழுந்து கிடந்தது.

கேமராமேனுக்கு அலுவலகத்தில் முக்காலி என்று பெயர். ஓர் இடத்தில் நின்றால் நின்றதுதான், நகர மாட்டான். இன்று நகர்ந்தான். சில்லெல்லாம் நடைபாதையில் சிதறிக் கிடந்ததால் படம் எடுபடவில்லை. செருப்புக் காலாலேயே கொஞ்சத்தைக் கடைக்குள் தள்ளி, பொம்மையைச் சுற்றிப் பரப்பினான்.

"இப்பத்தான் கலவரம் மாதிரி இருக்கு" என்று திருப்தியோடு கேமராவைத் தோளில் ஏற்றினான்.

நிருபரின் காதுக்கருவியில் செய்தி ஆசிரியர் வந்தார். "நேரலைல போறோம். அந்தம்மாவ அழ வை."

அதற்கு அவசியமே இருக்கவில்லை. மைக்கைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, இது இப்பவே டிவியில வருதா?"

"வருதுக்கா. எவ்வளவு நஷ்டம், சொல்லுங்க."

"அது கெடக்கட்டும். அங்க உட்கார்ந்திருக்காங்க பாருங்க, அதுல என் தங்கச்சியும் இருக்கா. அந்தக் கட்டடத்த மாடி மாடியாத் தொடைக்கிறவ. அவ குடியிருக்க ஒரு ரூம்..."

"கண்ணாடியப் பத்திச் சொல்லுங்கக்கா."

"சொல்றேன் தம்பி. ஒரே ஒரு நிமிஷம் கேமராவ அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க. அவங்க பேசட்டும். விடிஞ்சா ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

நிருபர் ஒருமுறை திடலைப் பார்த்தான். முக்காலிக்குக் கை காட்டினான்.

கேமரா மெல்லத் திரும்பியது.

திடலில் அதைப் பார்த்துவிட்டார்கள். படுத்திருந்தவர்கள் எழுந்தார்கள். மழையில் சாயம் போன அட்டைகள் உயர்ந்தன. முன்வரிசையில் ஒரு பெண் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேசுவதற்காகத் தொண்டையைச் செருமினாள்.

"எங்கடா திருப்புற? கண்ணாடிக்கு வா!" என்று காதுக்கருவியில் செய்தி ஆசிரியர் கத்தினார்.

கேமரா கண்ணாடிக்கு வந்தது.

பக்கத்தில் ஒரு டிவி விற்கும் கடை. அங்கே வரிசையாக எல்லாத் திரையிலும் தையல்காரியின் முகம் தெரிந்தது. வாய் அசைந்தது. குரல் மட்டும் ஸ்டுடியோவில் இருந்தவருடையது. கீழே சிவப்புப் பட்டையில் எழுத்துகள் ஓடின: 'போராட்டக்காரர்கள் வெறியாட்டம். கண்ணீர் வடிக்கும் பெண் வியாபாரி.'

அவள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

அவள் நிறுத்தியதுகூட நேரலையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

விடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று எங்கோ யாரோ முடிவெடுத்தார்கள். காரணம்தான் கிடைத்துவிட்டதே. திடலின் இரண்டு பக்கமும் போலீஸ் வண்டிகள் வந்து நின்றன. லத்திகளோடு இறங்கினார்கள்.

"ஓடுடா, அத எடு" என்றார் செய்தி ஆசிரியர்.

முக்காலி கேமராவோடு பறந்தான்.

மூன்று வாரத்தில் முதல்முறையாகத் திடல் முழுவதும் டிவியில் வந்தது. ஆட்களைக் கையும் காலுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். தொண்டையைச் செருமிய பெண்ணை நால்வர் தூக்கினார்கள். அவள் வண்டிக்குள் போகும்வரை இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு போனாள்.

"என் தங்கச்சி" என்றாள் தையல்காரி, யாரிடமோ சொல்வதுபோல.

நிருபர் அணைந்த மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இரவுச் செய்திக்கு ஒரு வரி பாக்கி இருந்தது, அதையே கேட்டான்.

"கல்லெறிஞ்சது யாருன்னு பாத்தீங்களாக்கா?"

அவள் காலியாகிக்கொண்டிருந்த திடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கல்லு இல்ல தம்பி. உள்ளேயிருந்து நான்தான் ஸ்டூலத் தூக்கி அடிச்சேன். வேற எப்படி உங்கள இந்தப் பக்கம் வரவைக்கிறது?"