நாரைக் கிழித்த பயல்

கிழித்துக்கொண்டுதான் வந்தது அந்தச் செல்.

முதலில் ஒரு கையை நீட்டியது. எதிரே இருந்த நாரைப் பிடித்துச் சுண்டி இழுத்தது. நார் வளைந்தது, அறுந்தது. அந்த ஓட்டைக்குள் தலையைக் கொடுத்து உடம்பை நுழைத்தது. பிறகு அடுத்த கை.

"கொலைகாரப் பய," என்றார் மெர்வ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் சிரித்துவிட்டேன்.

மெர்வ் கரும்பு விவசாயி. காலமெல்லாம் வாங்கிய வெயில் தோளில் கறுப்பு மச்சமாகக் கிளம்பி, புற்றாகி, நுரையீரல் வரை போய்விட்டது. சதையில் இருக்கிற மாதிரியே தட்டில் நார்களைக் கட்டி, அதற்குள் அவருடைய செல்களை விட்டு, இரவு முழுக்க எடுத்த படம் இது. சில நிமிடங்களாகச் சுருக்கியிருந்தேன். சாயம் ஏற்றினால் செல்கள் சோர்ந்துவிடும் என்று ஏற்றவில்லை. எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

இந்தத் தட்டில் எங்கள் சிகிச்சை ஜெயித்தால் அடுத்த வாரம் அவர் உடம்பில் ஏற்றுவோம். தோற்றால் அவருக்குக் கொடுக்க எங்கள் ஊர் டவுன்ஸ்வில்லில் மட்டுமல்ல, எங்கேயுமே ஒன்றுமில்லை. அது அவருக்கும் தெரியும்.

நானும் இப்போதுதான் பார்க்கிறேன். படம் முடிவதற்குள் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஒரு பயம். அதனால் அவருக்கு எதையும் விளக்கவில்லை.

அடுத்த நார் தடிமன். இழுத்துப் பார்த்தது, முறுக்கிப் பார்த்தது, கடைசியில் அரித்தே தின்றது.

மெர்வ் திட்ட ஆரம்பித்தார். நாய்க்குப் பிறந்ததே, நாசமாய்ப் போறதே, இன்னும் எழுத முடியாதவை. எங்கள் வடக்கு குவீன்ஸ்லாந்துப் பக்கம் இதெல்லாம் கொஞ்சல். மருமகனைச் சாப்பிடக் கூப்பிடவே மெர்வ் இதைவிட மோசமான வார்த்தை சொல்வார். அவர் குரல் ஏற ஏற நானும் மனதுக்குள் கூடவே கத்தினேன்.

ஓரத்தில் உருண்டையாக ஒரு செல். கையும் இல்லை, அசைவும் இல்லை. கிழித்துக்கொண்டு வந்த செல் அதன்மேல் ஒரு கையைப் போட்டது. இன்னொரு கையால் வளைத்தது. உருண்டை திமிறியது, நசுங்கியது. அதை முழுசாக உள்ளே இழுத்துக்கொண்டது. உள்ளே போயும் உருண்டை கொஞ்சம் துடித்தது. அப்புறம் அடங்கிவிட்டது.

மேசையை ஓங்கித் தட்டிவிட்டுக் கண்ணீரோடு எழுந்தேன். கடவுளே, நடந்தேவிட்டது!

மெர்வ் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

"பாவம், அது பாட்டுக்குச் சும்மாதானேம்மா கெடந்துச்சு. என்னையும் இப்படித்தானே தின்னுக்கிட்டு இருக்கு. பரவால்ல, நீ அழாத. என் பொண்ணுக்கு நானே போன் போட்டுச் சொல்லிக்கிறேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அய்யோ மெர்வ்! அந்த உருண்டைதான் புத்து. தின்னது, உங்க ரத்தத்துல இருந்து எடுத்து, புத்தைத் திங்க நாங்க பழக்கிவிட்ட செல். இவ்வளவு நேரம் திட்டினீங்களே, அது உங்க ஆளு!"

அவர் தொப்பியை மெல்ல இறக்கினார். நான் நிறுத்த மறந்த படம் ஓடிக்கொண்டே இருந்தது. வயிறு புடைத்த அந்தச் செல் இன்னொரு நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு, நாற்காலியைத் திரைக்குக் கிட்டத்தில் இழுத்துப் போட்டார்.

"டேய் எருமை, இடது பக்கம் இன்னொண்ணு ஒளிஞ்சிருக்குடா. விடாத!"