ஐந்தாம் பக்கம்

"எவடி அது, என் புஸ்தகத்தைக் கிழிச்சவ?"

பைண்டிங் செக்சனில் நுழையும்போதே ஊர்க்காவலன் கத்தினார். பசை தடவிக்கொண்டிருந்த எட்டுப் பெண்களும் நிமிர்ந்தார்கள்.

தொழிற்சங்கத் தலைவர். அறுபத்து மூன்று வயது. ஏழு முறை சிறை. மறியலுக்குக் கணக்கே இல்லை. அவர் எழுதாத துண்டறிக்கை இல்லை. ஆனால் புத்தகம் என்று வருவது இதுதான் முதல் தடவை. 'வெடிமருந்து விரல்கள்'. நாற்பத்தெட்டு கவிதைகள். நாற்பத்தாறில் முதலாளி சாகிறான். மீதி இரண்டில் சாகக் கிடக்கிறான்.

காலண்டர் சீசனில் கல்யாணப் பத்திரிகையைக்கூடத் தொடமாட்டோம் என்று விரட்டுகிற சிவகாசி அச்சகம், இதை மட்டும் பதினைந்தே நாளில் அடித்துக் கொடுத்தது. "எம்மேல பயம்லே!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாலை ஐந்து மணிக்கு விருதுநகரில் வெளியீட்டு விழா. இப்போது மணி மூன்று. கட்டைப் பிரித்துப் பார்த்தால், இருநூறு புத்தகத்திலும் ஐந்தாம் பக்கத்தைக் காணோம்.

"நாலுக்கு அப்புறம் ஏழு! எந்த ஊர்க் கணக்கு இது?"

"ஒரு தாள்தான அண்ணாச்சி. கவிதை அம்புட்டும் பத்திரமா இருக்கு," என்றாள் சண்முகத்தாய். அந்தப் பெண்களில் மூத்தவள்.

"ஒரு தாளா? உங்களுக்காக நாப்பது வருசம் போலீஸ்கிட்ட அடி வாங்குனவன் நான். என் முதல் புஸ்தகத்தை மொட்டையடிச்சு மேடையில வைக்கவா? கூலி வாங்குறீகள்ல, கண்ணை எங்கன வச்சு வேலை பாக்கீக?"

"நம்ம சூப்பர்வைசரே தேவலைக்கா," என்று பானுப்பிரியா முணுமுணுத்தாள். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"என்ன இளிப்பு? அந்தத் தாளை ஒட்டிக் குடுங்க. இல்ல, நேரா முதலாளிகிட்டப் போயிருவேன். எட்டுப் பேருக்கும் சீட்டைக் கிழிச்சிருவாரு!"

சண்முகத்தாய் எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கழிவுத்தாள் சாக்கிலிருந்து ஒரு தாளை உருவினாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"இந்நூலை இலவசமாக அச்சிட்டுத் தந்த வள்ளல், தொழிலாளர்களின் தெய்வம், அச்சக அதிபர் சபரிநாதன் அவர்களின் பொற்பாதங்களுக்குச் சமர்ப்பணம்."

ஊர்க்காவலன் விட்டத்தைப் பார்த்தார்.

"அச்சடிச்ச ஃபாரத்தைப் பக்கம் பக்கமா மடிக்கும்போதுதான் கண்ணுல பட்டுச்சு," என்றாள் சண்முகத்தாய். "சாயங்காலம் விழாவுக்கு எங்க ஆளுக வேன் பிடிச்சு வாராக. எங்கம்மாவும் வருது. உங்க பின்னால ஜெயிலுக்கு வந்துச்சே, அது."

தாளை நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

"அதுக இதைப் பாத்தா உங்களுக்குல்ல அண்ணாச்சி அசிங்கம்? அதான், வேலை போனாலும் போகுதுன்னு எட்டுப் பேரும் உக்காந்து கிழிச்சோம்."