விடுதி சொல்வதே முடிவு

‘அணுகுண்டுச் சோதனையில் மேசை அதிர்ந்து பகடை புரண்டால், விடுதி சொல்வதே முடிவு.’

ஐம்பதுகளில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளில் தொங்கிய பலகை இது. அன்று விடியற்காலையும் ஊர் அதிர்ந்தது. காளான் மேகத்தைப் பார்க்க எல்லோரும் கோப்பையும் கையுமாக மொட்டைமாடிக்கு ஓடினார்கள். வெர்ன் போட்ட இரண்டு பகடைகளில் ஒன்று புரண்டு, ஜெயிக்கிற ஏழு தோற்கிற மூன்றானது.

"ஏழு விழுந்ததை நீயும்தானேய்யா பார்த்தே?"

"பலகையைப் படிங்க சார்." மேசைக்காரன் லோவல் பந்தயச் சில்லுகளை வாரிக்கொண்டான். "இங்க நாங்க சொல்றதுதான்."

வெர்ன் கசப்பாகச் சிரித்தான். "அங்கயும் இதையேதான் சொன்னாங்க."

"எங்க?"

"குண்டு வெடிக்கிற இடத்துல. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கறது என் வேலை. நேத்து ராத்திரி கிழக்கே திரும்பிடுச்சு, விஷச் சாம்பல் அந்தப் பக்கத்து ஜனங்க தலையில கொட்டும், இன்னிக்கு வேணாம்னேன். வேலையை விட்டே அனுப்பிட்டாங்க. நீ ஏன் முழிக்கிறே? இந்த ஊருக்கு ஒண்ணும் ஆகாது."

லோவலின் கையிலிருந்த சில்லுகள் தரையில் சிதறின.

வெடியின் அதிர்வில் ஜன்னல் கண்ணாடி உடைந்து குழந்தைகள் மேல் விழுந்துவிடுமோ என்று பயந்து, மனைவியையும் இரண்டு பெண்களையும் நேற்றுத்தான் மாமனார் பண்ணைக்கு அனுப்பியிருந்தான்.

பண்ணை கிழக்கே இருந்தது.