காவல் அணுக்கள் குறைவு

என் கழுத்துக் கட்டி ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் புற்றுநோய் என்று தெரிந்தபோதுகூட வீடு இப்படி ஆடவில்லை. ஆட்டி வைத்தது ரிப்போர்ட்டின் கடைசி வரிதான். கட்டிக்குள் மேக்ரோஃபேஜ் என்னும் காவல் அணுக்கள் மிகக் குறைவாம்.

"ஐயோ, எதிர்த்து நிக்கக்கூட ஆளில்லையா!" என்று என் மனைவி அழுத அழுகையில் மூன்று தெரு தள்ளியிருந்த நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டன.

நான் பெருமூச்சு மட்டும் விட்டேன்.

அன்றே டிவி ரிமோட் என் கைக்கு வந்தது. நாற்பது வருடத்தில் முதல்முறை! பதினோரு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத மச்சான் சதுரங்கப் பலகையோடு ஓடிவந்து, வேண்டுமென்றே ஏழு ஆட்டம் தோற்றான். "மாமா, உங்க மூளைக்கு முன்னாடி நான் எம்மாத்திரம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஒரு வாரம் ராஜ வாழ்க்கை. பிறகு டாக்டரம்மாவிடம் போனோம்.

"எப்படியாவது அந்தக் காவல் அணுவைக் கூட்டிடுங்கம்மா" என்று மனைவி அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்டணுமா? எதுக்கும்மா? இந்த நோய்ல அதுங்க காவலுக்கு வந்துட்டு கட்டிக்கே கையாளா மாறிடும். குறைவா இருந்தா நல்ல அறிகுறி" என்ற டாக்டரம்மா, என் பக்கம் திரும்பினார். "ஏன் சார், வீட்ல சொல்லலையா? எங்க லேப்ல முப்பது வருஷமா இதை எண்ணி எண்ணித்தானே ரிடையர் ஆனீங்க?"

மனைவியின் அழுகை சட்டென்று நின்றது.

"லேப் பேச்சை வீட்டுக்குள்ள எடுக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே?" என்றேன் மெல்ல.

"சட்டைப் பையில இருக்கிற ரிமோட்டை எடுங்க."