கழுத்துக்குள் ஒரு குற்றவாளி

டாக்டர் குற்றவாளியைக் கண்டுபிடித்துச் சொன்னதும், பெரிதாக மூச்சு விட்டது என் கணவர்தான்.

குற்றவாளி என் கழுத்துக்குள் இருக்கிறது. தைராய்டுக்குப் பின்னால் பருப்பளவில் நான்கு சுரப்பிகள் உண்டாம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிடம் கொஞ்சம் வாங்கிக் கொடுக்க வேண்டும். சரியானதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவற்றின் வேலை.

எனக்கு அதில் ஒன்று வீங்கிவிட்டது. போதும் என்றால் அதற்குக் காதிலேயே விழுவதில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறது. எலும்பும் புது மருமகள் மாதிரி மறுபேச்சில்லாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

போன மாதம் ரத்தத்தில் கால்சியம் அதிகம் என்று வந்தபோது மாமியார் சிரித்தார். இவ்வளவு கால்சியத்தை வைத்துக்கொண்டு எலும்பு வலியாம், எல்லாம் வேலைக்கு டிமிக்கி கொடுக்கத்தான் என்றார்.

அத்தனையும் என் எலும்பு கரைந்து வந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போன வருடம் உடைந்தது விலா எலும்பு. இந்த முறை இடது முன்கை. இரண்டு முறையும் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். இரண்டு முறையும் டாக்டர் என்னை விட்டுவிட்டு என் கணவரை ஒரு மாதிரி பார்த்தார்.

இன்று அந்தப் பார்வை இல்லை. லேசாகத் தட்டினாலே உடைகிற எலும்பாம் என்னுடையது.

"நான்தான் தப்பா நினைச்சுட்டேன் சார். மன்னிச்சுக்குங்க" என்றார் டாக்டர், அவரிடம்.

என் கணவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். பரவாயில்லை டாக்டர், உங்க கடமையைத்தானே செஞ்சீங்க என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சுரப்பியை எடுத்துவிட்டால் எலும்பு மெல்லத் தேறிவிடும், இப்படித் தொட்டதற்கெல்லாம் உடையாது என்றார் டாக்டர்.

என் கணவரின் சிரிப்பு நின்றது. ஆபரேஷன் அவசரமா, கொஞ்ச நாள் மாத்திரையில் ஓட்டலாமே என்று கேட்டார். கை என் தோள்மேல் வந்து உட்கார்ந்தது. வலிக்கவில்லை. வெளி ஆட்கள் இருக்கும்போது அந்தக் கை வலிக்காது.

நான் டாக்டரை நிமிர்ந்து பார்த்தேன்.

"சீக்கிரமே எடுத்துடுங்க டாக்டர். எலும்பு தேறின பிறகும் நான் வழுக்கி விழுந்தேன்னு வந்தா, நீங்க முதல்ல நினைச்சதையே நினைச்சுக்குங்க."