சண்டி

அவள் குடையை விரித்தாள்.

வெள்ளைக் குதிரை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

மடக்கினாள். முகத்துக்கு நேரே மறுபடி விரித்தாள். அது குடையை முகர்ந்து பார்த்துவிட்டு வைக்கோல் பக்கம் திரும்பிக்கொண்டது.

சென்னியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. தாராபுரத்துக்கு வெளியே அவர் பண்ணையில் ஏழு அரபுக் குதிரைகள். அவற்றில் இரண்டைப் பார்க்க வந்திருந்தாள். எண்பது கிலோமீட்டர் நெடுந்தூரப் பந்தயத்துக்கு.

"சுழியெல்லாம் சுத்தமுங்க அம்மணி" என்றார்.

அவள் சுழி பார்க்கவில்லை. குணம் பார்த்தாள்.

காதைத் தொட்டாள். வாலைத் தூக்கினாள். பிளாஸ்டிக் பையைக் காலடியில் வீசினாள். மற்றக் குதிரைகளை விட்டுத் தனியே ஓட்டிக்கொண்டு போனாள். அது திரும்பிப் பார்த்துக் கனைக்கவில்லை. வாய்க்கால் வந்தது, இறங்கியது. மேடு வந்தது, ஏறியது. குதிகாலால் லேசாகத் தட்டினால் போதும்.

திரும்பி வந்ததும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள்.

ஐம்பத்திரண்டு.

பந்தயத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் மருத்துவர் நாடித் துடிப்பைப் பார்ப்பார். அறுபத்து நான்குக்குள் இறங்கினால்தான் மேலே விடுவார். பதறுகிற குதிரைக்குச் சீக்கிரத்தில் இறங்காது.

குறை சொல்ல ஒன்றுமில்லை.

"சொன்ன பேச்சு தட்டாதுங்க" என்றார் சென்னியப்பன். "நீங்க நிறுத்தற வரைக்கும் நிக்காது."

அவள் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தாள்.

பவழமும் நிற்காது.

பவழம் அவளிடம் ஆறு வருஷம் இருந்தது. போன மாசியில் நடந்த பந்தயத்தில் எல்லாச் சோதனையிலும் தேறியது. எழுபத்திரண்டாவது கிலோமீட்டரில், காதை முன்னால் நீட்டியபடியே ஓடி, மடிந்து விழுந்தது. எழவில்லை.

முடியவில்லை என்று அது ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அவளும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை.

அடுத்ததைக் காட்டச் சொன்னாள். சென்னியப்பன் கொஞ்சம் தயங்கித்தான் அவிழ்த்தார்.

பழுப்பு நிறம். குடையைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கியது. நின்று பார்த்தது. பிறகு தானே வந்து முகர்ந்தது.

வாய்க்காலில் இறங்க மறுத்தது. தலையைத் தாழ்த்தித் தண்ணீரைப் பார்த்தது. குடித்தது. வேண்டிய மட்டும் குடித்துவிட்டு இறங்கியது.

மேட்டின் பாதியில் நின்றுவிட்டது.

தட்டினாள். காதைப் பின்னால் மடக்கியது. இன்னொரு தட்டு. ஆணி அடித்தாற்போல் நின்றது.

அவளுக்கு எரிச்சல் வந்தது. இறங்கி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள்.

எழுபத்தெட்டு.

கருவேல மரத்தின் சொற்ப நிழலில் இருவரும் நின்றார்கள்.

அறுபத்தாறு.

ஐம்பத்தெட்டு.

குதிரை தலையை உலுக்கிக்கொண்டு மேட்டில் நடக்கத் தொடங்கியது. அவள் ஏறியிருக்கவில்லை. கடிவாள வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டியதாயிற்று.

கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த சென்னியப்பனுக்கு, அவள் இறங்கி வந்ததும், அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"சண்டித்தனம் பண்ணிருச்சுங்களா? இங்க இதும் பேரே சண்டிதானுங்க. ரெண்டு மாசம் விடுங்க. ரெண்டு போடு போட்டுப் பழக்கி அனுப்பறேன்."

"பழக்காதீங்ணா. இதுதான் வேணும்."

அவர் வெள்ளையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"முன்ன வெச்சிருந்தது எப்படிங்க அம்மணி?"

"சொன்ன பேச்சு தட்டாதுங்ணா."

"அப்பறம் ஏனுங்க அதைக் குடுத்தீங்க?"

"குடுக்கலைங்ணா."

அவர் வண்டியை வரச் சொன்னார்.

வண்டி வந்தது. சாய்வுப் பலகையை இறக்கினார்கள். சண்டி அதன் முன்னால் வந்து நின்றது. பலகையை முகர்ந்தது. ஏறவில்லை.

சென்னியப்பன் பழக்கதோஷத்தில் குச்சியை எடுத்தார். அவள் அதை வாங்கி வேலியோரம் போட்டாள்.

பலகையின் நுனியில் உட்கார்ந்தாள். குதிரையின் மூச்சு அவள் தலைமேல் சூடாகப் பட்டது.

"ஏறலாமா?" என்று கேட்டாள்.

பதிலுக்காக உட்கார்ந்திருந்தாள்.